வேலைக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று

என்னை வேலையை விட்டு நீக்கிய கடிதத்தை டைப் அடித்தது நான்தான்.

எழுபதுகளின் கடைசி. கொடைக்கானல் பஜாரில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருந்த தைலக் கம்பெனியில் நான் நான்கு வருடமாக டைப்பிஸ்ட். யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சித் தைலம் இறக்கி, டின்னில் அடைத்து மதுரைக்கும் மெட்ராஸுக்கும் அனுப்புவார்கள். ஆபீஸில் மூன்றே பேர்: கணக்குப்பிள்ளை, பியூன், நான். முதலாளி மதுரைக்காரர். மாதம் ஒரு தடவை மேலே வருவார். குளிருக்குப் பயந்து மலையடிவாரத்து வத்தலக்குண்டு வெயிலிலேயே குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு விடுவார். எங்கள் மாடிப்படி ஏறும்போது வேர்த்து ஒழுகும்.

அன்றும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தார். "ஒரு லெட்டர் அடிம்மா" என்றார். நான் பேப்பரைச் சொருகினேன். "டியர் மேடம்" என்று ஆரம்பித்தார்.

டைப் அடிக்கும்போது நான் எதையும் படிப்பதில்லை. காதில் விழுவது நேரே விரலுக்குப் போய்விடும். மூளை வேறு எங்காவது இருக்கும். அன்று அது மத்தியானச் சாப்பாட்டு டப்பாவில் இருந்தது. தவிர்க்க முடியாத காரணங்களால் கம்பெனியை மூட வேண்டியிருக்கிறது, வரும் ஒன்றாம் தேதியிலிருந்து தங்கள் சேவை தேவைப்படாது, இதுவரை உழைத்ததற்கு நன்றி என்று அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அடித்தேன். ஒரு இடத்தில் அவருடைய இலக்கணம் தப்பாக இருந்தது. அதையும் திருத்தினேன்.

"எத்தனை காப்பி சார்?"

"ரெண்டு போதும். ஒண்ணு ஃபைலுக்கு, ஒண்ணு உனக்கு."

"எனக்கு எதுக்கு சார்?"

முதலாளி குல்லாயைக் கழற்றினார். நான்கு வருடத்தில் அவருடைய தலையை அன்றுதான் பார்த்தேன். நல்ல வழுக்கை. துக்க வீட்டில் நிற்பவர் போல அந்தக் குல்லாயை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "படிச்சுப் பாரும்மா" என்றார்.

படித்தேன். பிழையில்லாமல் அடித்திருந்தேன்.

நல்ல மனிதர், குறை சொல்லக் கூடாது. சம்பளத்தோடு ஒரு டஜன் பாட்டில் தைலமும் கொடுத்தார். ஆயுசுக்கும் எனக்கு ஜலதோஷம் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டு மூஞ்சிக்கல்லில் இருந்த எங்கள் வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில்தான் அழுகை வந்தது. எதிரே வந்தவர்கள் தைல வாடையை வைத்து, கண்ணில் தைலம் பட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வீட்டில் அப்பா, அம்மா, நான். அப்பா ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அம்மா சீசனுக்கு வரும் டூரிஸ்டுகளுக்குக் கம்பளிக் குல்லாய் பின்னிக் கடைக்குப் போடுவாள். இரண்டு பேரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. "விடு தாயி, ரெண்டு நாளு ரெஸ்ட் எடு" என்றார்கள்.

ரெஸ்ட் எடுக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. முதல் வாரத்தில் அடுக்களை டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டினேன். இரண்டாம் வாரத்தில் ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, ஞானஸ்நான சர்டிபிகேட் எல்லாவற்றையும் ஃபைல் போட்டேன். மூன்றாம் வாரம், அம்மா ஒரு நாளைக்கு எத்தனை குல்லாய் பின்னுகிறாள் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அம்மா ஊசியைக் கீழே வைத்தாள்.

"ஏத்தா, ஒனக்குப் புண்ணியமாப் போகும். வெரசா ஏதாவது ஒரு ஆபீஸப் பாத்துப் போயிரு. இந்த வீட்டுல என்னால ஒனக்கு வேலை குடுக்க முடியாது."

அப்படித்தான் வேலை தேடும் படலம் தொடங்கியது. முதலில் மதுரைக்குப் போய் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பெயரைப் பதிந்தேன். கார்டை நீட்டிய கிளார்க்கிடம், "எப்ப சார் கூப்புடுவாக?" என்று கேட்டேன். "நிச்சயம் கூப்புடுவாகம்மா. நானும் இதே ஜன்னல்ல வரிசையில நின்னு பதிஞ்சவன்தான்" என்றார். பதிந்து எத்தனை வருடம் கழித்துக் கூப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

அடுத்தது ஏரிப் பக்கம் இருந்த ஒரு ஹோட்டல். ரிசப்ஷனிஸ்ட் வேண்டும் என்று கோயிலில் யாரோ சொன்னார்கள். மேனேஜர் பம்பாயில் இருந்து வந்தவர். பம்பாயை மறக்க முடியாதவர். என் சர்டிபிகேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"டைப்பிங் எல்லாம் அப்புறம். நான் ஒரு டூரிஸ்ட். வெளிய போயிட்டு உள்ள வர்றேன். நீங்க என்னை ரிசீவ் பண்ணிக் காட்டுங்க" என்று வெளியே போனார்.

நான் கவுண்டருக்குப் பின்னால் நின்றேன். அவர் கையில் இல்லாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இல்லாத மனைவிக்கு வழிவிட்டு உள்ளே வந்தார். எனக்குத் தெரிந்த ஆபீஸ் தைல ஆபீஸ்தான். "யாரு வேணும்?" என்றேன்.

"அப்படிக் கேக்கக் கூடாது. ஸ்மைல் பண்ணணும்."

மறுபடி போய் வந்தார். நான் ஸ்மைல் பண்ணினேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "வேண்டாம், சாதாரணமாவே இருங்க" என்றார்.

மூன்றாவது தடவை அவர் வெளியே போனபோது நிஜமாகவே ஒரு கணவனும் மனைவியும் பெட்டியோடு உள்ளே வந்துவிட்டார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். "ரூம்ல வெந்நீர் வருமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"தெரியலைங்க. நானே இப்பத்தான் வேலை கேட்டு வந்துருக்கேன்" என்றேன். "எதுக்கும் ரூமைப் பாத்துட்டுப் பணம் குடுங்க."

நல்லதுக்குத்தான் சொன்னேன். அவர்கள் பார்க்காமலே போய்விட்டார்கள். வாசலில் அவர்களுக்கு எதிரே ஸ்மைல் பண்ணிக்கொண்டு வந்த மேனேஜர், என்னைப் பார்த்ததும் அதை நிறுத்தினார். "நாங்க லெட்டர் போடறோம்" என்றார். என் விலாசத்தை அவர் கேட்கவில்லை.

இப்படி இரண்டு மாதம் போயிற்று. ஒரு நாள் அப்பா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு ஒரு முடிவைச் சொன்னார். எங்கள் கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறார். வத்தலக்குண்டில் லாரி ஆபீஸ் வைத்திருப்பவரின் ஒரே மகன். மலையிலிருந்து உருளைக்கிழங்கும் கேரட்டும் இறக்கும் லாரிகள். நம்ம சபைதான், நல்ல குடும்பம். அவர்களுக்குப் பெண்ணைப் பற்றிய விவரம் அனுப்ப வேண்டும். அதே வாரம் இன்னொரு செய்தியும் வந்திருந்தது. பெருமாள்மலைப் பக்கம் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளியில் டைப்பிஸ்ட் தேவை.

"ரெண்டுக்கும் போடு" என்றார் அப்பா. "ரெண்டு மருந்தையும் சேத்துக் குடுத்தா எது கேட்டுச்சுன்னுதான் தெரியாது. நோய் போயிரும்."

கல்யாணத்துக்கு உரிய தாளும் இங்கிலீஷில் இருந்தால்தான் மரியாதை என்பது அப்பாவின் எண்ணம். அம்மாவும் அப்பாவும் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். நிறத்தில் முதல் தகராறு. நான் மாநிறம் என்று எழுதினேன். "வெளக்கு வெளிச்சத்துல செவப்பாத்தான் இருக்க" என்றார் அப்பா. "அடக்கமான சுபாவம்" என்றாள் அம்மா. "நல்லாச் சமைப்பா. தையல் தெரியும். கோயில்ல பாடுவா. கல்யாணத்துக்குப் பெறகு வேலைக்குப் போற உத்தேசம் இல்ல. புருசன் விருப்பப்படி நடந்துக்குவா."

நான் பேனாவை நிறுத்தினேன். "சமையல் மட்டும் வேண்டாம்மா. பொய்யா எழுத கை வரல."

"நாலு வருசமா டின்னுக்கெல்லாம் 'சுத்தமான தைலம்'னு லேபிள் அடிச்சியே, அப்ப மட்டும் கை வந்துச்சா?" என்றாள் அம்மா. எழுதிவிட்டேன்.

பஜாரில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு வெள்ளனே போய், மாணவர்கள் வருவதற்குள் இரண்டையும் அடித்து முடித்தேன். அங்கே சும்மா கிடந்த ஒரு மிஷினைத்தான் மாஸ்டர் கொடுத்தார். பெரிய எழுத்தெல்லாம் அரை வரி மேலே துள்ளும். கல்யாணத் தாள் வெறும் விவரப் பட்டியல். வேலைத் தாள் முறையான விண்ணப்பம். மடத்துத் தலைவியை எல்லோரும் மதர் என்றுதான் கூப்பிடுவார்கள் என்பதால் "ரெஸ்பெக்டட் மதர்" என்று ஆரம்பித்தேன். எனக்குப் பொறுமை அதிகம், நேரம் தவற மாட்டேன், அதிக வேலைக்கு அஞ்ச மாட்டேன், தங்களுக்குக் கீழே இருக்க ஒரு வாய்ப்புத் தந்தால் கடைசிவரை விசுவாசமாக இருப்பேன் என்று எழுதி, டைப்பிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் லோயர், நான்கு வருட அனுபவம் என்று முடித்திருந்தேன்.

கவரில் போட்டு ஒட்டுவதை மட்டும் என்னிடம் அப்பா விடவில்லை. "முப்பது வருசமாப் பொட்டலம் கட்டுறேன். ஒரு தடவ ஒருத்தன் மருந்து இன்னொருத்தனுக்குப் போனதில்ல. குடு இப்படி" என்று வாங்கி, தாளை மடித்து, நகத்தால் நீவி, பசை தடவி ஒட்டினார். ஸ்டூடியோவில் பூச்சாடி பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவை ஒன்றில் வைத்தார். தானே போய்த் தபாலில் சேர்த்தார்.

பத்து நாளில் மடத்திலிருந்து கார்டு வந்தது. அடுத்த புதன்கிழமை காலை நேரில் வரவும். அம்மா தன் பச்சைக் கரைப் புடவையைக் கொடுத்தாள். நான் பஸ் ஏறிப் பெருமாள்மலையில் இறங்கி, பனியில் ஒரு மேட்டில் ஏறிப் போனேன்.

ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். வயதான மதர், அவருக்கு இரண்டு பக்கமும் நான்கு சிஸ்டர்கள். ஒரு டைப்பிஸ்டுக்கு ஐந்து பேரா என்று பயந்துபோனேன். முதலில் கேக்கும் டீயும் வந்தன. வேலை தேடிப்போன இடத்தில் கேக் கொடுத்து நான் கேள்விப்பட்டதே இல்லை.

மதர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "சமைப்பீங்களாம்மா?"

ஹாஸ்டலுக்கும் சேர்த்துக் கேட்கிறார்கள் போல என்று நினைத்தேன். "கொஞ்சம் சமைப்பேன், மதர்."

"கொஞ்சமா? ரொம்ப நல்லாச் சமைப்பேன்னு போட்டிருக்கீங்களே."

எனக்குக் குழப்பமாக இருந்தது. அதற்குள் ஒரு சிஸ்டர், "பாடுவீங்களாமே, ஒரு பாட்டுப் பாடுங்களேன்" என்றார். வேலை வேண்டுமே. எழுந்து நின்று ஒரு மாதா பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடினேன். ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு பக்தியாகக் கேட்டார்கள். கடைசி சிஸ்டரின் தோள் மட்டும் குலுங்கியது.

"அருமை" என்றார் மதர். "எல்லாம் சரிம்மா. ஒண்ணே ஒண்ணுதான் எங்களுக்குப் புரியல. புருசன் விருப்பப்படி நடந்துக்குவேன்னு எழுதியிருக்கீங்க. இந்த மடத்துல இருக்கிற ஒரே ஆம்பளை வாட்ச்மேன். அவருக்கு மூணு பேரப்பிள்ளைங்க."

தாளை என் பக்கம் திருப்பினார். பெரிய எழுத்தெல்லாம் துள்ளிக்கொண்டிருந்தது. மேலே குண்டூசியில் பூச்சாடியும் நானும்.

அந்தக் குலுங்கிய சிஸ்டரால் அதற்கு மேல் முடியவில்லை. முந்தானை இல்லாததால் வாயைப் பொத்த ஜெபமாலையைத் தேடினார். பிறகு ஐந்து பேரும் சிரித்தார்கள். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறைபோல அந்த அறை அதிர்ந்தது. எனக்கு முகம் தீயாய்ச் சுட்டது.

"கோவிச்சுக்காதம்மா" என்று மதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டைப்பிஸ்ட் வேலைக்குப் போன வாரமே ஆள் எடுத்தாச்சு. ஆனா இதை அனுப்பின பிள்ளையைப் பாக்காம விட யாருக்கும் மனசு வரல. இந்த வருஷம் நாங்க இவ்வளவு சிரிச்சதே இல்லை."

மீதிக் கேக்கைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் முதலில் அவமானமாக இருந்தது. பிறகு அந்த வாட்ச்மேன் நினைவு வந்து, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். வீடு நெருங்க நெருங்க இன்னொன்று உறைத்தது. கல்யாணத் தாள் மடத்துக்குப் போயிருக்கிறது என்றால் வத்தலக்குண்டுக்குப் போனது எது?

அப்பாவிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் கெட்டுப்போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருடத்து நோயாளிகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் போஸ்ட்மாஸ்டர் பொண்டாட்டிக்கு இருமல் நிக்கவே இல்லையே..." என்று மெதுவாகச் சொன்னார்.

"இப்ப யாரு பொண்டாட்டியா இருந்தா என்ன, நாளைக்கே உபதேசியாரப் போயிப் பாருங்க" என்று அம்மா விரட்டினாள். அதற்கு அவசியம் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் ஒரு ஜீப் நின்றது. உபதேசியாரோடு வத்தலக்குண்டுக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். பருமனான, உரத்த குரல்காரர் பையனின் அப்பா. பட்டுப்புடவையில் அவன் அம்மா. பின்னால், எங்கே நிற்பது என்று தெரியாமல் மகன்.

உள்ளே வந்ததும் வராததுமாக அந்த அம்மாள் என் இரண்டு கன்னத்தையும் பிடித்தாள். "ஏத்தா, நீதானா! இதுவரைக்கும் எம்புட்டுப் பொண்ணுக வெவரம் வந்துருக்கு. ஒருத்தியாவது மாமியாவுக்குன்னு தனியா ஒரு கடுதாசி எழுதியிருக்காளா? மகனப் படிச்சுக் காட்டச் சொன்னேன். மரியாதைக்குரிய அம்மாவுக்குன்னு ஆரம்பிச்சிருக்க. எனக்குக் கீழ இருந்து கடைசிவரைக்கும் விசுவாசமா இருப்பேன்னு போட்டுருக்க. அழுதுட்டேன்."

எங்கள் அம்மா சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

லாரிக்காரர் குறுக்கிட்டார். "அதெல்லாம் கெடக்கட்டும். ஏம்மா, அந்த லெட்டரு நீயே அடிச்சதா? ஒரு தப்புக்கூட இல்லன்னு எங்க கோயிலு சாமியாரே சொன்னாரு."

"ஆமாங்கய்யா."

"இவனுக்கு இங்கிலீசு படிக்கத்தான் வரும், எழுத வராது. பம்பாய்ப் பார்ட்டிக்கு இங்கிலீசுல லெட்டரு போட ஆளு இல்லாம நான் படுற பாடு ஒனக்குத் தெரியாது. எப்ப வந்து சேருற?"

"அதத்தான் நானும் கேக்குறேன். சித்திரையில வச்சுக்கலாமா?" என்றாள் அந்த அம்மாள்.

"சித்திரை வரைக்கும் யாரு காத்திருக்கிறது? நான் திங்கக்கெழமையச் சொல்றேன்."

இரண்டு பேரும் வேறு வேறு விஷயம் பேசுகிறார்கள் என்பது அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. "வீட்டுக்கு மருமக கேட்டு வந்துட்டு ஆபீஸுக்கு ஆளு புடிக்கிறீகளா?" என்று அந்த அம்மாள் திரும்பினாள். "மருமகளா வந்தா நீ அடுப்படிய விட்டு வெளிய விடுவியா? அப்புறம் என் லெட்டர யாரு அடிக்கிறது?" என்றார் அவர். உபதேசியார் தலை இங்கும் அங்கும் போய் வந்தது. கல்யாணம் முடித்தால் அவருக்கு ஒரு வேட்டி, துண்டு உண்டு. வேலை முடித்தால் என்ன உண்டு என்று அவருக்குத் தெரியவில்லை.

மகன் மட்டும் ஜீப் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். இரண்டும் நடக்காமல் இருந்தால் போதும் என்பது போல அவன் முகம் இருந்தது.

இனியும் மறைப்பது தப்பு என்று பட்டது. நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கவர் மாறியதையும், மதர் என்று எழுதியது மடத்து மதருக்கு என்பதையும், நான் பாடியதையும்கூடச் சொன்னேன். லாரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகனும் முதல்முறையாகச் சிரித்தான். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பட்டுப்புடவையின் முந்தானையை மடியில் நீவிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அது எனக்கு எழுதினதில்லையா?" என்றாள்.

எங்கள் அம்மா எழுந்து போய், மிச்சமிருந்த மடத்துக் கேக்கைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். அந்த அம்மாள் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். தின்று முடித்து, "போகட்டும். எம்புட்டு நல்லா எழுதியிருந்த" என்றாள்.

பிறகு கல்யாணத்தை விட்டுப் பேச்சு வேலைக்குத் திரும்பியது. அப்பாவுக்குக் கல்யாணப் பேச்சுக்குத் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் வாயில் நின்றது. "ஒரே பொண்ணு, கண்ணு மாதிரி வளத்துருக்கோம். நீங்கதான் ஒங்க பிள்ள மாதிரி வச்சுப் பாத்துக்கணும்" என்று லாரிக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "கவலப்படாதீங்க. டைப் மிஷினு புதுசு வாங்கித் தாரேன்" என்றார் அவர். உபதேசியாருக்கு அம்மா இரண்டு கம்பளிக் குல்லாய் கொடுத்தாள்.

வத்தலக்குண்டில் என் சித்தி வீடு இருந்தது. அங்கே தங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். முதல் வாரம் வெயிலில் செத்துப் பிழைத்தேன். பழக்கத்தில் ஸ்வெட்டரோடு இறங்கியவளைச் சந்தையே நின்று பார்த்தது. லாரி ஆபீஸ் என்பது ஒரு தகரக் கொட்டகை, ஒரு மின்விசிறி, மூட்டை மூட்டையாய் உருளைக்கிழங்கு. புது மிஷின் மட்டும் ராணி மாதிரி நடுவில் இருந்தது.

முதல் கடிதத்தை லாரிக்காரர் தமிழில் சொன்னார். "அந்தப் பம்பாய்க்காரக் களவாணிகிட்டச் சொல்லு. கெழங்கு அழுகிப்போச்சுன்னு பொய் சொல்றியே, ஒன் நாக்கு அழுகாதா? ஒன் மூஞ்சியில முழிச்சாலே யாவாரம் வெளங்காது. அடி." நான் அடித்துவிட்டு வாசித்து அர்த்தம் சொன்னேன். தங்கள் கடிதம் கிடைத்தது, சரக்கின் நிலை பற்றித் தாங்கள் தெரிவித்திருப்பதை வருத்தத்தோடு கவனிக்கிறோம்.

"இதுல நான் திட்டினது எங்கம்மா இருக்கு?"

"இங்க அய்யா. 'வி ரிக்ரெட் டு நோட்'னு இருக்கு பாருங்க."

"இது திட்டா?"

"இங்கிலீஷ்ல ரொம்ப பெரிய திட்டு அய்யா."

அவர் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்ப கீழயும் ஒரு ரிக்ரெட் போடு. நல்லா உறைக்கட்டும்" என்று சொல்லிச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

மகன் பெரும்பாலும் ஏதாவது ஒரு லாரிக்கு அடியில் இருப்பான். நான் சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் கையில் கிரீஸோடு என் மேஜைக்கு வந்து நின்றான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நிலக்கோட்டையில ஒரு டீச்சர் இருக்காங்க. நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கோம். அப்பாகிட்டச் சொல்லணும். நேர்ல நின்னா எனக்கு வாய் வர மாட்டேங்குது. நீங்க ஒரு லெட்டர் அடிச்சுத் தர்றீங்களா? இங்கிலீஷ்லயே இருக்கட்டும். அப்பாவுக்கு இங்கிலீஷ் லெட்டர்னா ஒரு மரியாதை."

அடித்துக் கொடுத்தேன். பணிவுடன் விண்ணப்பித்துக்கொள்வது என்னவென்றால் என்று தொடங்கி, டீச்சரின் குடும்பம், படிப்பு, சபை எல்லாம் முறையாகக் குறித்திருந்தேன். அவன் அதைத் தபாலில் போட்டான். இரண்டு நாளில், பம்பாய் லெட்டர்களோடு சேர்ந்து அது அவன் அப்பாவின் மேஜைக்கு வந்தது. அவர் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"எந்தப் பார்ட்டிம்மா இது? வாசி."

வாசித்தேன். தமிழில் அர்த்தம் சொன்னேன். கொட்டகைக்கு வெளியே லாரிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள் அசையாமல் இருந்தன. அவர் அந்தக் கால்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இங்கிலீசு நல்லா இருக்கே" என்றார். இந்த வேலையும் போச்சு என்று நினைத்தேன்.

அவர் மூக்குப்பொடி எடுத்தார். "பதிலு அடி" என்றார். "லெட்டரு கெடச்சுது. பொண்ணு வீட்டப் பத்தி விசாரிக்கணும். அதுவரைக்கும் பார்ட்டி பொறுமையா இருக்கணும்."

அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டச் சொன்னார். அது பஸ் ஸ்டாண்ட் போஸ்ட் ஆபீஸுக்குப் போய், மறுநாள் அதே கொட்டகைக்குத் திரும்பி வந்தது. மகன் அதை லாரிக்கு அடியிலேயே படித்தான். பதிலுக்கு ஒரு நன்றிக் கடிதமும் என்னிடம் அடித்துக்கொண்டான். அந்த மூன்று நான்கு நாளும் அப்பாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

நிலக்கோட்டையில் விசாரித்து வந்த பிறகு ஒரு காலை அவர் என் மேஜையில் அந்தக் கடிதங்களைப் போட்டார். "சித்திரையில கல்யாணம். எங்க வீட்டுக்காரிக்கும் சம்மதம். நேத்து அந்தப் பொண்ணு அவளுக்குத் தனியா ஒரு கடுதாசி எழுதியிருக்கா, நாலு பக்கம்."

டீச்சருடைய அந்த நாலு பக்கத்தை மட்டும் நான் அடிக்கவில்லை. என்ன எழுத வேண்டும் என்று மகனிடம் ஒரு துண்டுச்சீட்டில் சொல்லியனுப்பியதோடு சரி.

"இதையெல்லாம் எந்த ஃபைல்ல வைக்கட்டும் அய்யா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். வர வேண்டிய சரக்கு, தகராறு, டெலிவரி ஆனது என்று மூன்று ஃபைல்தான் அந்த ஆபீஸில் இருந்தது. வெளியே லாரியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்த மகனை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"மூணாவதுலயே வையி" என்றார்.